சிவில் இன்ஜினியர் லைசென்ஸ்: எடுக்கறது எப்படி? எடுத்த பிறகு கையெழுத்தைக் கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?

கருப்பூர்_சிவில் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கருப்பூர்ல சிவில் முடிச்சுட்டு ஹஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஆபீஸ்ல வேலை பாக்கறேன். டிராயிங், டிசைன், சைட்னு எல்லாமே என் தலையிலதான்.

பெரியப்பா பையன் டெக்சாஸ்ல இருக்கான். பி.ஈ. (ப்ரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸ் வந்துருச்சுன்னு பேரும் நம்பரும் போட்ட வட்ட சீலை ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டான். அன்னையில இருந்து அம்மா, சித்தப்பா எல்லாரும் "நீ எப்ப லைசென்ஸ் எடுக்கப்போற?"ன்னு ஒரே நச்சரிப்பு. இங்க அப்படி ஒண்ணு இருக்கா இல்லையான்னே எனக்குச் சரியாத் தெரியல. சார்ட்டர்ட் இன்ஜினியர்ங்கறாங்க, எல்.பி.எஸ்.ங்கறாங்க, ஆர்.ஈ.ங்கறாங்க. எது நிஜமான லைசென்ஸ்?

இன்னொண்ணு, இதுதான் உறுத்துது. ஓனர் கூப்பிட்டு, "உன் பேர்ல ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்துக்கோ, ஃபீஸ் நான் கட்டறேன். நம்ம ஆபீஸ் பிளான் எல்லாத்துலயும் நீ கையெழுத்துப் போடு, ஒரு பிளானுக்கு இவ்வளவுன்னு தனியாத் தந்துடறேன், சைட்டுக்கெல்லாம் நீ அலைய வேண்டாம்"னு சொல்றாரு. நல்ல வாய்ப்பா, வம்பா?


ஐந்துரோடு_ஆனந்தம் | திங்கள், இரவு 9.31

தாராளமாப் போடு தம்பி. சேலத்துல பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டறாங்க. மாசம் ஆனா சுளையா ஒரு தொகை வந்துடும்.


செவ்வாய்பேட்டை_சர்வேயர் | திங்கள், இரவு 10.20

தம்பி, மொதல்ல உங்க முதல் கேள்விக்கு வர்றேன். ஆனந்தம் சொன்னதைக் கொஞ்சம் தள்ளி வைங்க, அதுக்கு அப்புறம் வரலாம்.

நம்ம நாட்டுல ஆர்க்கிடெக்ட்டுக்குச் சட்டம் இருக்கு, 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம். கவுன்சில்ல பதிவு பண்ணாம எவனும் தன்னை ஆர்க்கிடெக்ட்னு சொல்லிக்க முடியாது. இன்ஜினியருக்கு நாடு முழுசுக்குமான அந்த மாதிரி சட்டம் கிடையாது. வரைவு மசோதா பலதடவை வந்துச்சு, போச்சு. அதனால டிகிரி வாங்கின அன்னிக்கே நாம எல்லாரும் இன்ஜினியர்தான், கேள்வி கேக்க ஆள் இல்ல.

சார்ட்டர்ட் இன்ஜினியர்ங்கறது கொல்கத்தாவுல தலைமையகம் இருக்கற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் குடுக்கறது. 1920ல ஆரம்பிச்சது, 1935ல ராயல் சார்ட்டர் வாங்கினது. அங்க கார்ப்பரேட் மெம்பர் ஆகி, அனுபவத்தைக் காட்டினா அந்தச் சான்று கிடைக்கும். அது வீண்னு சொல்லமாட்டேன். வெளிநாட்டுல இருந்து பழைய மெஷின் இறக்குமதி பண்றாங்கல்ல, அதுக்குக் கஸ்டம்ஸ்ல சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்று கேப்பாங்க. இன்சூரன்ஸ், கோர்ட்டு, டெண்டர்னு அங்கங்க மதிப்பு உண்டு. ஆனா அதை வச்சு நீங்க அம்மாப்பேட்டையில ஒரு வீட்டுக்குப் பிளான் போட்டு அனுமதி வாங்க முடியாது.

அதுக்கு வேண்டியது உள்ளாட்சி, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வழியா வர்ற பதிவு. எங்க காலத்துல எல்.பி.எஸ்., லைசென்ஸ்டு பில்டிங் சர்வேயர், கிரேடு ஒண்ணு, கிரேடு ரெண்டுன்னு இருந்துச்சு. 2019ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்த பிறகு பதிவு பெற்ற பொறியாளர் (நீங்க கேட்ட ஆர்.ஈ.), ஸ்ட்ரக்சரல் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தர ஆய்வாளர்னு தனித்தனியாப் பிரிச்சுட்டாங்க. யார் எந்த அளவுக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடலாம்ங்கறது கிரேடைப் பொறுத்தது. சேலத்துல உங்களுக்குச் சோறு போடற லைசென்ஸ் இதுதான். விதிப் புத்தகத்துல தகுதி, படிவம் எல்லாம் பின்னிணைப்பா இருக்கு. புரோக்கர் சொல்றதைக் கேக்காம அதை ஒருதடவை நீங்களே படிச்சுடுங்க.


ஓமலூர்_டு_ஆஸ்டின் | செவ்வாய், காலை 7.05

உங்க பெரியப்பா பையன் இருக்கற அதே ஸ்டேட்லதான் நானும் இருக்கேன். இங்க நடைமுறை எப்படின்னு சொல்றேன், ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

அமெரிக்காவுலயும் நாடு முழுசுக்கும் ஒரே லைசென்ஸ் கிடையாது. ஸ்டேட்டுக்கு ஒரு போர்டு. மொதமொதல்ல சட்டம் போட்டது வயோமிங், 1907ல. பரீட்சை மட்டும் எல்லா ஸ்டேட்டுக்கும் பொதுவா என்.சி.ஈ.ஈ.எஸ்.ங்கற போர்டுகளோட கூட்டமைப்பு நடத்துது. முதல்ல எஃப்.ஈ.ங்கற அடிப்படைப் பரீட்சை, 110 கேள்வி. காலேஜ்ல படிச்ச கணக்கு, ஸ்டேட்டிக்ஸ், ஃப்ளூயிட்ஸ், மண்ணு எல்லாம் வரும். படிச்ச சூட்டோட எழுதிட்டா நல்லது. அப்புறம் லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட நாலு வருஷ அனுபவம். அதோட பி.ஈ. பரீட்சை, 80 கேள்வி, எட்டு மணி நேரம். சிவில்லயே ஸ்ட்ரக்சரல், ஜியோடெக்னிக்கல், கன்ஸ்ட்ரக்ஷன், டிரான்ஸ்போர்ட்டேஷன், வாட்டர்னு அஞ்சு பிரிவு. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதணும்.

பரீட்சையை விட எனக்குத் தண்ணி காட்டினது அனுபவச் சான்றுதான். எந்தெந்த வேலையில என்ன முடிவு நீ எடுத்தன்னு எழுதணும். "டிராயிங் போட்டேன், மேற்பார்வை பண்ணேன்"னு எழுதினா வேலைக்காகாது. காலம் (தூண்) அளவை ஏன் மாத்தினேன், மண் ரிப்போர்ட்டைப் பாத்து தனித்தனி ஃபுட்டிங்கை (அடித்தளம்) ஏன் ராஃப்ட் (முழுசுக்கும் ஒரே அடித்தளம்) ஆக்கினேன்னு எழுதணும், அதை லைசென்ஸ் உள்ளவங்க உறுதி பண்ணணும். இந்தியாவுல செஞ்ச வேலையையும் எழுதலாம். அதுக்குச் சான்று குடுக்க ஆள் தேடறதுலதான் நிறையப் பேர் மாட்டிக்கறாங்க. இப்பவே ஒரு நோட்டு போட்டு எழுதி வைங்க தம்பி: சைட், தேதி, என்ன கணக்கு போட்டீங்க, யாருக்குக் கீழ. எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும்.

நம்ம டிகிரியை அப்படியே ஏத்துக்கமாட்டாங்க. பாடம் பாடமா மதிப்பீடு பண்ணுவாங்க. நம்ம பக்கத்துப் பசங்களுக்குப் பெரும்பாலும் பொதுப்பாடத்துல குறையும்பாங்க.

டெக்சாஸ்ல இந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா வயித்தைக் கலக்கும். 1937 மார்ச்ல நியூ லண்டன்ங்கற ஊர்ல ஒரு ஸ்கூல்ல கேஸ் கசிஞ்சு வெடிச்சுது. 300 பேர் அளவுக்குச் செத்தாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. அந்த வருஷமே இன்ஜினியர் பதிவுச் சட்டம் வந்துருச்சு.


ஐந்துரோடு_ஆனந்தம் | செவ்வாய், காலை 8.40

அமெரிக்காக் கதை கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த சீலைக் கொண்டுவந்து நம்ம கார்ப்பரேஷன்ல வச்சா எடுத்துக்குவானா?


ஓமலூர்_டு_ஆஸ்டின் | செவ்வாய், காலை 8.52

எடுத்துக்கமாட்டான். டெக்சாஸ் சீலை லூசியானாவுலயே எடுத்துக்கமாட்டான், அங்க தனியா விண்ணப்பிக்கணும். அதனால எந்த ஊர்ல கட்டடம் நிக்கப்போகுதோ அந்த ஊர் லைசென்ஸைப் பாருங்க. தம்பி சேலத்துலயே இருக்கறதா முடிவு பண்ணிட்டா சர்வேயர் அண்ணன் சொன்னதுதான் சரி.


மேக்னசைட்_மனிதன் | செவ்வாய், மதியம் 1.15

"இந்தியாவுல இன்ஜினியருக்கு லைசென்ஸே இல்ல"ன்னு பொத்தாம்பொதுவாச் சொல்றது தப்புங்க. சிவில்காரங்க உலகமே கட்டடம்னு நெனச்சுக்கறீங்க. நம்ம ஊரைச் சுத்தியே பாருங்க.

ஜங்ஷன்ல இருந்து கருப்பூர் போற வழியில வெள்ளையாத் தெரியுதே மேக்னசைட் குவியல், அந்த மாதிரிச் சுரங்கத்துல மேனேஜரா உக்காரணும்னா டிகிரி பத்தாது. 1952 சுரங்கச் சட்டத்துக்குக் கீழ வந்த 1961 உலோகச் சுரங்க விதிகள்படி தகுதிச் சான்று வேணும், ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ்னு. தன்பாத்துல இருக்கற சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பரீட்சை வைக்கும். அனுபவச் சான்று, முதலுதவிச் சான்று, மெடிக்கல் எல்லாம் வேணும். மேனேஜருக்குக் கீழ ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிச் சான்று. வெடி வைக்கறவன்கிட்ட பேப்பர் இல்லாம திரி கொளுத்த முடியாது. சுரங்கத்துல ஏதாவது ஆச்சுன்னா "நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், அந்தப் பக்கமே போனதில்ல"ன்னு மேனேஜர் சொல்லவே முடியாது. அவர் தெனமும் அங்க இருக்கணும்ங்கறதுதான் விதி.

தம்பி, உங்க ஓனர் குடுக்கற வேலையை இதோட வச்சுப் பாருங்க.


பாய்லர்_பழனி | செவ்வாய், மாலை 6.30

அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. பாய்லரும் அப்படித்தான். மேட்டூர் தெர்மல்ல இருக்கற மாதிரி பெரிய பாய்லருக்கு பி.ஓ.ஈ. (பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர்) சான்று உள்ள இன்ஜினியர் பொறுப்புல இருக்கணும். நம்ம ஜவ்வரிசி ஆலைப் பக்கம் சின்ன பாய்லருக்கு அட்டெண்டன்ட் சான்று உள்ள ஆள் போதும். பி.ஓ.ஈ. பரீட்சையில எழுத்துத்தேர்வு ஒரு பக்கம்னா நேர்முகத்துல புழிஞ்சு எடுத்துடுவாங்க. "கேஜ் கிளாஸ்ல தண்ணி தெரியல, இப்ப என்ன பண்ணுவ?"ன்னு கேப்பாங்க. தண்ணி விடுவேன்னு சொல்லிட்டா நேரா வீட்டுக்குப் போகலாம். சூடேறிக் கெடக்கற டியூப்ல பச்சத்தண்ணி பட்டா என்ன ஆகும்னு நெனச்சுக்கோங்க. நெருப்பை அணைக்கறதுதான் மொதல் வேலை.

இதுக்கும் ஒரு சாவுக்கதை உண்டு. 1863ல கல்கத்தாவுல பாய்லர் வெடிச்சுது, அடுத்த வருஷம் வங்காளத்துல பாய்லர் சட்டம் வந்துச்சு. நாடு முழுசுக்கும் 1923ல சட்டம். அது போய் இப்ப 2025ல புதுச்சட்டம் வந்திருக்கு.

கரண்ட் வேலையும் விட்டுப்போச்சு. மின் உரிமம் வழங்கும் வாரியம் சென்னையில இருக்கு. கான்ட்ராக்டர், சூப்பர்வைசர், வயர்மேன் எல்லாருக்கும் அவங்கதான் குடுக்கணும்.


தாரமங்கலம்_டிப்ளமோ | செவ்வாய், இரவு 8.02

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் டிப்ளமோ சிவில்தான். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தற ஏ.எம்.ஐ.ஈ. பரீட்சை எழுதினா டிகிரிக்குச் சமம்னு ஒரு கோச்சிங் சென்டர்ல சொன்னாங்க. சேரலாமா?


செவ்வாய்பேட்டை_சர்வேயர் | செவ்வாய், இரவு 8.25

பணம் கட்டிடாதீங்க. 2013 மே 31க்குள்ள பதிவு பண்ணவங்களுக்குத்தான் மத்திய அரசு அந்தச் சமநிலையைக் குடுத்துச்சு. இப்பச் சேர்ந்து எழுதினா அறிவு வளரும், அரசு வேலைக்கோ பதிவுக்கோ டிகிரின்னு காட்ட முடியாது. வேலை பாத்துக்கிட்டே படிக்கணும்னா பகுதிநேர பி.இ. இருக்கு, சாயங்கால வகுப்பு. கருப்பூர் அரசு காலேஜ்லயும் நடத்திருக்காங்க. இந்த வருஷ அறிவிப்புல சிவில் இருக்கான்னு பாருங்க. டிப்ளமோவுக்கும் விதியில பதிவு உண்டு, கிரேடு கீழ, அவ்வளவுதான். அதைக் கேவலமா நெனக்காதீங்க. வீடு கட்டறவங்களுக்கு அந்த அளவே தாராளம்.


தாரமங்கலம்_டிப்ளமோ | செவ்வாய், இரவு 8.31

ரொம்ப நன்றிங்கண்ணா. நாளைக்கு முதல் தவணை கட்ட இருந்தேன்.


சூரமங்கலம்_ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 10.48

வளைகுடா போற பசங்களுக்கு ஒரு வார்த்தை. 2018ல நான் குவைத்துல இருந்தேன். திடீர்னு ஒரு உத்தரவு: இன்ஜினியர்னு விசாவுல இருந்தா, அங்க இருக்கற இன்ஜினியர்ஸ் சங்கத்தோட தடையில்லாச் சான்று இல்லாம இக்காமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்கமாட்டோம்னுட்டாங்க. சங்கம் என்ன கேட்டுச்சுன்னா, நீ படிச்ச காலேஜ், நீ படிச்ச கோர்ஸ், என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றதா? நம்ம ஊர் காலேஜ் பாதிக்கு மேல அந்த லிஸ்ட்டுலயே இல்ல. பத்து, பதினஞ்சு வருஷம் இன்ஜினியரா வேலை பாத்தவங்க விசாவுல தொழிலை மாத்திக்கிட்டு சூப்பர்வைசரா, டெக்னீஷியனா உக்காந்தாங்க. வேலை அதேதான், பேரும் சம்பளமும்தான் இறங்கிப்போச்சு.

இதுல நுணுக்கம் ஒண்ணு. 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல, அதாவது ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரியை இன்னொரு நாடு ஏத்துக்கற ஒப்பந்தத்துல, முழு உறுப்பினர் ஆச்சு. உடனே நம்ம டிகிரி எல்லா நாட்டுலயும் செல்லும்னு பேப்பர்ல போட்டாங்க. அப்படி இல்ல. என்.பி.ஏ.வுல டயர் ஒண்ணு (முதல் அடுக்கு)ங்கற வகையில அங்கீகாரம் வாங்கின கோர்ஸுக்கு மட்டும்தான். அது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும். சாதாரணமா அண்ணா யுனிவர்சிட்டியோட இணைஞ்ச காலேஜ் டயர் ரெண்டுலதான் வரும், ஒப்பந்தத்துல சேராது. காலேஜுக்கு அங்கீகாரம் இருந்தாப் பத்தாது, உங்க பிரிவுக்கு இருக்கணும், நீங்க படிச்சு வெளிய வந்த வருஷம் அந்தக் காலத்துக்குள்ள இருக்கணும். பிள்ளைங்களைக் காலேஜ்ல சேக்கறப்ப பஸ் வருதா, ஹாஸ்டல் சோறு எப்படின்னு கேக்கற நாம இதைக் கேக்கறதே இல்ல.

சவுதியிலயும் கவுன்சில்ல பதிவு பண்ணாம இன்ஜினியர் வேலை பாக்க முடியாது, தெரிஞ்சுக்கோங்க.


சேர்வராயன்_அக்கா | புதன், காலை 6.50

தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல. நான் ஸ்ட்ரக்சரல், ஏற்காட்டுல வேலை. நான் பாத்த ஒண்ணைச் சொல்றேன்.

மலைச்சரிவுல ஒரு தங்கும் விடுதி. பின்னாடி மண்ணைத் தாங்க மூணு மீட்டர் உயரத்துக்கு ரீடெய்னிங் வால். ஃபெஞ்சல் புயல் மழை, 2024 டிசம்பர் ஆரம்பத்துல, மலைப்பாதையில அங்கங்க மண் சரிஞ்சு கெடந்துச்சே, அது முடிஞ்ச பிறகு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா சுவர் நடுவுல கர்ப்பமா இருக்கற மாதிரி முன்னாடி தள்ளியிருக்கு. படுக்கை வாட்டுல ஒரு வெடிப்பு, அதுவழியா செம்மண் தண்ணி கசிஞ்சு காஞ்ச தடம். டிராயிங் கேட்டேன், குடுத்தாங்க. டிராயிங்ல குத்தமே இல்ல. வீப் ஹோல் (தண்ணி வடியற ஓட்டை) காட்டியிருக்கு, அதுக்குப் பின்னாடி ஜல்லி வடிகட்டி காட்டியிருக்கு, பதிவு நம்பரோட கையெழுத்து, சீல் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.

சுவர்ல ஒரு ஓட்டை கூடத் தெரியல. மேஸ்திரி பைப் வச்சிருக்கார், அப்புறம் பாக்க அசிங்கமா இருக்குன்னு ஓனர் சொன்னதால மேல பூசிட்டார். பூச்சைக் கொத்தி ஒரு பைப்பைத் திறந்து குச்சி விட்டுப் பாத்தேன், அரை முழம் போகல. பின்னாடி ஜல்லிக்குப் பதிலா வெட்டின மண்ணையே தள்ளி மூடியிருக்காங்க, அது பைப்புக்குள்ள வந்து அடைச்சுக்கிச்சு.

கணக்கு சின்னதுதான். மூணு மீட்டர் சுவர், மண்ணு மட்டும் காஞ்சு இருந்தா ஒரு மீட்டர் நீளத்துக்குத் தள்ளற விசை 2.7 டன் அளவுக்கு வரும். பின்னாடி தண்ணி மேல வரைக்கும் நின்னுட்டா தண்ணி மட்டும் 4.5 டன், நனைஞ்ச மண்ணோட சேத்தா 6 டன் ஆயிடும். சுவர் ரெண்டு மடங்குக்கு மேல தாங்கணும். அஞ்சு ரூபாய் பைப்பும் ரெண்டு சட்டி ஜல்லியும் செய்யற வேலை அது. மலைப்பகுதி ரீடெய்னிங் வாலுக்குன்னே ஐ.எஸ். 14458ங்கற இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, அதுல வடிகால் எவ்வளவு முக்கியம்னு எழுதியிருக்கு. டிராயிங் போட்டவருக்கும் அது தெரிஞ்சுதான் இருக்கு.

அந்தக் கையெழுத்துக்காரர் ஒருதடவை கூட மலை ஏறலைன்னு மேஸ்திரியே சொன்னார். பின்னாடி மண் நிரப்பற அன்னிக்கு ஒரே ஒரு தடவை வந்திருந்தாப் போதும். இருபது ஹேர்பின் வளைவு ஏறி வரணும்னுதான் வரல போல.

ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக்குள்ள வர்ற இடம். வனம், வேளாண்மைப் பொறியியல், கனிமவளம்னு துறை துறையா கருத்துக் கேட்டுத்தான் அனுமதி வரும். அத்தனை பேப்பர்லயும் சுவருக்குப் பின்னாடி என்ன போட்டாங்கன்னு பாக்கற வேலை இன்ஜினியரோடது மட்டும்தான். அவரும் வரலைன்னா வேற யாரும் இல்ல.


ஐந்துரோடு_ஆனந்தம் | புதன், காலை 9.15

அக்கா, நீங்க சொல்றது சரி, நான் மறுக்கல. ஆனா நடைமுறையைப் பேசுவோம். வீட்டுக்காரர் பிளானுக்கு என்ன தர்றார்? அந்தக் காசுல ஃபுட்டிங்குக்கு ஒருக்கா, பிளிந்துக்கு (வீட்டோட தரை மட்டம்) ஒருக்கா, ஒவ்வொரு ரூஃபுக்கும் ஒருக்கான்னு போனா பெட்ரோலுக்கே பத்தாது. கூட வந்தா மேஸ்திரிக்குப் பிடிக்காது, "இன்ஜினியர் கம்பி அதிகம் போடச் சொல்றார்"னு ஓனர்கிட்ட வத்தி வச்சுடுவார். அடுத்த வீட்டுக்கு ஓனர் வேற ஆள்கிட்டப் போயிடுவார். சைட்டுக்கு வராத ஆளுக்குத்தான் ஊர்ல கிராக்கி. தப்பு இன்ஜினியர் பக்கம் மட்டும் இல்ல.

அதுவும் இப்ப சுயசான்று திட்டம் வந்தாச்சு. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி மனைக்குள்ள, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரையும் ஒரு மாடியும்னா ஆன்லைன்ல போட்ட உடனே அனுமதி. அதிகாரியே வந்து பாக்கமாட்டார்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அப்புறம் இன்ஜினியர் மட்டும் ஏன் அலையணும்?


செவ்வாய்பேட்டை_சர்வேயர் | புதன், மதியம் 12.40

ஆனந்தம், ஃபீஸ் விஷயத்துல நீங்க சொல்றது உண்மை. அதுல எனக்கும் ஆத்தாமை உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்கு டைல்ஸ் எடுக்கறவர் இன்ஜினியருக்குப் பத்தாயிரம் குடுக்க மூக்கால அழுவார்.

ஆனா சுயசான்றை நீங்க தலைகீழாப் படிக்கறீங்க. முன்னாடி அதிகாரி வந்து பாத்தார், அவர் மேலயும் கொஞ்சம் பொறுப்பு விழுந்துச்சு. இப்ப அவர் வரலைன்னா, நாளைக்கு ஒரு வம்பு வந்தா பேப்பர்ல யார் பேர் இருக்கோ அவங்களைத்தான் தேடி வருவாங்க. கையெழுத்தோட விலை ஏறியிருக்கு தம்பி, குறையல. உங்க ஓனர் குடுக்கற தொகை அந்த விலைக்கு ஈடா? நீங்களே கணக்குப் போடுங்க.

2019 விதியில இன்னொண்ணையும் பாருங்க. ஒரு வேலையில பேர் குடுத்த பொறியாளர் நடுவுல விலகினா எழுத்து மூலமா தெரியப்படுத்தணும், வேற பொறியாளர் வர்ற வரைக்கும் வேலை நிக்கணும். அப்படின்னா விலகாத வரைக்கும் நீங்க அந்த வேலையில இருக்கீங்கன்னுதான் அர்த்தம். போனீங்களா போகலையான்னு விதி கேக்கல, இருக்கீங்கன்னு எடுத்துக்குது. ஆபீஸை விட்டு நீங்க கோயம்புத்தூர் போனாலும் உங்க பேர் அந்தப் பேப்பர்ல இருக்கும்.

சென்னைப் பக்கம் மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கா? 2014 ஜூன் 28, சாயங்காலம் மழை, பதினோரு மாடி தரைமட்டம், 61 பேர் செத்தாங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. அதுக்கு அப்புறம்தான் நம்ம ஊர்ல ஸ்ட்ரக்சரல் டிராயிங் எங்க, மண் ரிப்போர்ட் எங்கன்னு கேக்கவே ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் மண் பரிசோதனைன்னா மண்வெட்டியால ஒரு குத்து குத்திப் பாக்கறதுதான்.


ஓமலூர்_டு_ஆஸ்டின் | புதன், இரவு 8.10

பாக்காமக் கையெழுத்துப் போடறது இந்தியாவுல மட்டும்னு யாரும் நெனக்க வேண்டாம். இங்க ஒழுக்கநெறிப் பாடத்துல கட்டாயம் வர்ற கதை ஒண்ணு.

கான்சாஸ் சிட்டியில ஹயாத் ரீஜென்சி ஹோட்டல், 1981 ஜூலை 17. லாபியில நடனம். மேல நாலாவது மாடி நடைபாலம், அதுக்கு நேர் கீழ ரெண்டாவது மாடி நடைபாலம், ரெண்டும் கூரையில இருந்து கம்பியில தொங்குது. ரெண்டும் கீழ விழுந்துச்சு, 114 பேர் செத்தாங்க.

முதல் டிராயிங்ல ஒரே நீளக் கம்பி கூரையில இருந்து நாலாவது மாடிப் பீமைத் துளைச்சுக்கிட்டு ரெண்டாவது மாடி வரைக்கும் போகும். அப்ப மேல் பீமுக்குக் கீழ இருக்கற நட்டு மேல் பாலத்தோட பாரத்தை மட்டும் தாங்கினாப் போதும். அவ்வளவு நீளத்துக்குக் கம்பியில மரை வெட்டறது கஷ்டம்னு தயாரிப்பாளர் அதை ரெண்டு கம்பியாப் பிரிச்சாங்க: கூரையில இருந்து மேல் பாலத்துக்கு ஒண்ணு, மேல் பாலத்துப் பீம்ல இருந்து கீழ் பாலத்துக்கு ஒண்ணு. பாக்க ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. ஆனா கீழ் பாலம் இப்ப மேல் பாலத்தோட பீம்ல தொங்குது. அந்த நட்டுக்கு வர்ற பாரம் இரட்டிப்பு. ஒரு காகிதத்துல அம்புக்குறி போட்டுப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். யாரும் போட்டுப் பாக்கல. ஷாப் டிராயிங்ல (தயாரிப்பாளர் போடற டிராயிங்) இன்ஜினியர் ஆபீஸோட முத்திரை விழுந்துச்சு.

முத்திரைக்குப் பொறுப்பான ரெண்டு இன்ஜினியர்களோட லைசென்ஸை மிசூரியில பறிச்சாங்க. "தயாரிப்பாளர்தான் மாத்தினார்"னு சொன்னது எடுபடல. நம்ம பக்கம் அப்படிப் பறிக்கறது அரிதா நடக்குது, அதனாலதான் கையெழுத்து மலிவாக் கெடைக்குது. என் அபிப்பிராயம் இதுதான்.


ஐந்துரோடு_ஆனந்தம் | புதன், இரவு 8.44

ஒப்புக்கறேன். ஆனாலும் சொல்றேன், தம்பி வேண்டாம்னா அந்த ஓனருக்கு வேற கையெழுத்து ஒரே வாரத்துல கெடைச்சுடும். பிளான் நிக்காது.


சேர்வராயன்_அக்கா | புதன், இரவு 8.50

கெடைக்கட்டும். அது தம்பி பேர்ல இருக்காதுல்ல.


கருப்பூர்_சிவில் | சனி, மாலை 5.20

எல்லாருக்கும் நன்றிங்க. பதிவுக்கு விண்ணப்பம் தயார் பண்ணிட்டேன், என் காசுலயே கட்டறேன். சார்ட்டர்ட் இன்ஜினியர் இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கேன், வங்கி மதிப்பீட்டு வேலைப் பக்கம் போனா அப்புறம் பாக்கலாம்.

ஓனர்கிட்டப் பேசினேன். "நான் போய்ப் பாத்த சைட்டுக்கு மட்டும் போடறேன், பாக்கற நாளை ஆபீஸ் டைம்ல குடுங்க"ன்னு சொன்னேன். முகம் சுண்டிப்போச்சு. "ரொம்பப் படிச்சிட்ட"ன்னார். சாயங்காலம் கூப்பிட்டு, கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீடும் அழகாபுரத்துல ஒண்ணும் அந்த முறையில பண்ணிப் பாப்போம், மத்ததை அவர் வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்னுட்டார். ஆனந்தம் அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு.

இப்ப ஒரு சந்தேகம். வீட்டுக்காரர்கிட்ட எப்பெப்ப நான் வரணும்னு எப்படி எழுதி வாங்கறது?


செவ்வாய்பேட்டை_சர்வேயர் | சனி, இரவு 7.35

ஆபீஸ் லெட்டர்பேட்லயே ஒரு பக்கக் கடிதம் போதும், தமிழ்லயே எழுதுங்க, அவருக்குப் புரியணும். குழி வெட்டி மண் தெரிஞ்சதும், ஃபுட்டிங் கம்பி கட்டினதும், பிளிந்த் பீம் காங்கிரீட்டுக்கு முன்னாடி, ஒவ்வொரு ரூஃபுக்கும் கம்பி கட்டி முடிச்சதும், எனக்கு ஒருநாள் முன்னாடி ஃபோன் பண்ணணும், நான் பாத்துச் சரின்னு எழுதிக் குடுக்காம காங்கிரீட் போடக்கூடாதுன்னு எழுதுங்க. என்னைக் கேக்காம காலமோ பீமோ மாத்தினா நான் எழுத்து மூலமா விலகிக்குவேன்னு ஒரு வரி. கீழ வீட்டுக்காரர் கையெழுத்து, மேஸ்திரி கையெழுத்து ரெண்டும் வாங்குங்க. மேஸ்திரியை விட்டுடாதீங்க, கையெழுத்துப் போட்ட பிறகு அவர் நடந்துக்கற விதமே வேற.

போற ஒவ்வொரு தடவையும் கம்பி இடைவெளியில டேப் வச்சு ஃபோட்டோ எடுத்து, தேதியோட அந்தக் கோப்புல போட்டுடுங்க. சேலத்துக்கும் நிலநடுக்க ஆபத்து உண்டு, காலம்ல வளையம் எத்தனை அங்குலத்துக்கு ஒண்ணு கட்டியிருக்காங்கன்னு மொதல்ல அதைப் பாருங்க. கொக்கி உள்பக்கம் மடிஞ்சிருக்கணும்.

சைட் விசிட்டுக்கான காசை முன்பணமா ஆபீஸ் கணக்குல வாங்கச் சொல்லுங்க. கடைசியில கேட்டா பெயிண்டுக்கே பணம் இல்லைன்னு கை விரிப்பாங்க.


சேர்வராயன்_அக்கா | சனி, இரவு 8.05

கன்னங்குறிச்சி வீடு மலை அடிவாரத்துப் பக்கம்னா மனைக்கு மேல் பக்கம் இருந்து மழைத்தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு அக்கம்பக்கத்துல கேட்டுட்டுப் பிளிந்த் மட்டம் முடிவு பண்ணுங்க. டிராயிங்ல அது இருக்காது. குழி வெட்டற அன்னிக்குச் சொல்லுங்க தம்பி, சேலத்துல இருந்தா நானும் எட்டிப் பாக்கறேன்.